வங்காள மொழியில் தட்டச்சு: ஷிப்ட்டில் இருக்கிறது சூட்சுமம்

வங்காள எழுத்துகளுக்காகத் தனி விசைப்பலகையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கணினியில் அவ்ரோ போதும். வங்கதேசத்தில் மருத்துவ மாணவராக இருந்த மெஹ்தி ஹசன் கான் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. தமிழை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்புமுறையில் அடிக்கிறோமே, அதே மாதிரிதான்.

முதலில் ஷிப்ட்டுக்குப் பழகுங்கள். சும்மா டீ (t) விசையை அடித்தால் ‘த’, ஷிப்ட் பிடித்து அடித்தால் ‘ட’. பலருக்குப் பிழை வருவது ஓ என்ற விசையில்தான். சின்ன ஓ (o), மெய்யோடு ஒட்டியிருக்கும் அகரத்துக்கு. ஷிப்ட் பிடித்து அடிக்கும் பெரிய ஓ (O), ஓகாரத்துக்கு. ‘பாலோ’ (நல்லது) என்று எழுதும்போது கடைசியில் சின்ன ஓ அடித்தால் ஓகாரக் குறியே வராது. சின்ன ஓ-வை அடியோடு விட்டுவிட்டாலோ இன்னும் வம்பு: பேனாவைக் குறிக்கும் ‘கொலொம்’ என்ற சொல்லில் க, ல இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடும்!

எழுத்தின் தலையில் ஏறும் ரகரக் கொக்கிக்கு ஆர் விசையை இரண்டு முறை தட்டுங்கள். வாக்கியம் முடிக்கும் செங்குத்துக் கோட்டைத் தேடி அலைய வேண்டாம், முற்றுப்புள்ளியை அடித்தாலே அது வரும்.

போனில் என்றால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டு போதும். ஆனால் அது காட்டும் முதல் பரிந்துரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். வேகத்தை அப்புறம் பார்க்கலாம். தினமும் பத்து வரி, திரையைப் பார்த்தபடி நிதானமாக அடியுங்கள்.