‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே’: புற்றுநோய், மரபணு, சில தவறான கணக்குகள்

புற்றுநோய் மரபணுக் கோளாறால் வருகிறது என்று சொன்னதும் பலரும் தாத்தா பாட்டி வரைக்கும் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். யாருக்கும் இல்லையென்றால் நிம்மதி, ஒருவருக்கு இருந்தாலும் கலக்கம். மரபணு கெட்டுப்போவது ஒன்று, கெட்டுப்போன மரபணு பெற்றோரிடமிருந்து வருவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதுதான் முதல் தவறு.

பெற்றோர் வழி வந்த பிறழ்வால், அதாவது மரபணுவில் நேர்ந்த பிழையால், உண்டாகும் புற்றுநோய்கள் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவற்றில், பிறக்கும்போது நன்றாக இருந்த மரபணு பிற்பாடு ஏதோ ஒரு செல்லில் கெடுகிறது. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நச்சு நுரையீரல் செல்லுக்குள் போய், உருமாறி, டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினோடு (‘ஜி’) ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும்போது அந்த இடத்தை நகலெடுப்பதில் பிழை வந்து, ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு எழுத்தான ‘டி’ உட்கார்ந்துவிடும். இது டிபி53 மரபணுவில் நடந்தால் வினைதான். டிஎன்ஏ சேதமான செல்லை நிறுத்திவைப்பதும், தேறாது என்றால் சாகவைப்பதும் அந்த மரபணு தரும் பி53 புரதத்தின் வேலை. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இது பழுதாகியிருக்கிறது. நுரையீரலில் நேர்ந்த இந்தப் பழுது பிள்ளைகளுக்குப் போகாது. அதேபோல, பரம்பரையில் யாருக்கும் இல்லை என்பது புகைப்பவரைக் காப்பாற்றவும் செய்யாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: பரம்பரையாக வந்துவிட்டால் தலையெழுத்து என்று நினைப்பது. 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் கண்ட 48 பேரின் விவரங்களை அலசினார். இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரமே தெரிந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்தது. ஏன்? ஒரு மரபணுவுக்கு நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. செல் பிரிவை அடக்கிவைக்கும் மரபணு என்றால், கட்டி வர இரண்டுமே கெட வேண்டும். ஒரு பிரதி பழுதாகவே பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் எல்லா செல்லிலும் பாதி வேலை முடிந்துவிட்டது. எங்காவது மற்றதும் கெட்டால் போதும். மற்ற குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு விபத்துகள் நடக்க வேண்டும், அது அபூர்வம். ஆய்வுக்கூடத்தில் எதையும் பிளந்து பார்க்காமல், நோயாளிகளின் வயதையும் கட்டிகளின் எண்ணிக்கையையும் வைத்தே அவர் போட்ட கணக்கு இது. அந்த மரபணு, 13ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1, கைக்கு அகப்பட்டது 1986இல்தான்.

பழுதுள்ள பிரதியோடு பிறந்தவர்களிலும் சிலருக்குக் கட்டி வருவதே இல்லை. குடும்பத்தில் இருப்பது தெரிந்தால் பிறந்ததிலிருந்தே கண்ணைப் பரிசோதித்து, வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், கேமரா கோளாறு என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘அவளுக்கு பிஆர்சிஏ மரபணு இருக்கிறதாம்’ என்று பேசுவதும் தவறுதான். அது எல்லோருக்கும் இருக்கிறது. அறுந்த டிஎன்ஏவைச் சரிபார்ப்பது அதன் வேலை. அது பழுதாவதுதான் ஆபத்து. மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களோடு சம்பந்தப்பட்டது என்பதால் அம்மா வழியை மட்டும் விசாரிப்பார்கள். அப்பா வழியாகவும் அதே அளவு வாய்ப்போடு வரும். அத்தைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஒரே பிறழ்வில் புற்றுநோய் வந்துவிடும் என்ற எண்ணம். பெருங்குடலில் பெரும்பாலும் முதலில் ஏபிசி என்ற மரபணு கெட்டு ஒரு சிறு பாலிப் (சதை வளர்ச்சி) முளைக்கும். பிறகு கேராஸ், டிபி53 என்று மற்ற மரபணுக்களும் ஒவ்வொன்றாகக் கெட்டு அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். பாலிப்பை வெட்டி எடுத்தாலே புற்றைத் தடுக்க முடிவது இந்த இடைவெளியால்தான். சிஎம்எல் என்ற ரத்தப் புற்று கொஞ்சம் விதிவிலக்கு. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் ஒற்றைப் புரதமே அதை ஓட்டுகிறது. அதை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது.

கடைசியாக, ரிப்போர்ட்டைப் படிப்பதில் நடக்கும் தவறு. கட்டியின் திசுவில் செய்யும் மரபணுப் பரிசோதனை வேறு, பரம்பரைப் பிறழ்வுக்காக ரத்தத்திலோ எச்சிலிலோ செய்வது வேறு. நுரையீரல் கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் பிறழ்வு என்று வந்தால், அது எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய ஓட வேண்டியதில்லை. ஆனால் கட்டியில் பிஆர்சிஏ பழுது தெரிந்தால் சங்கதி வேறு. அது பிறவியிலேயே வந்ததா என்று நோயாளியின் ரத்தத்தில் பார்த்து, ஆமாம் என்றால்தான் உடன்பிறந்தவர்களுக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும்.