ஒரே படமா, வேறு படமா? தத்துவ வகுப்புக்கு ஒரு கோப்புப் பயிற்சி

‘டிஜிட்டலில் மூலம், நகல் என்ற பேதமே கிடையாது’ என்று மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதைக் கோப்பை வைத்தே சோதிக்க 90 நிமிடம் போதும். மூன்று பேருக்கு ஒரு மடிக்கணினி.

கைபேசியில் எடுத்த ஜேபெக் படம் ஒன்று வேண்டும். பொடி எழுத்துள்ள கடைப் பலகை நல்லது. படத்தைச் சுருக்கும்போது வரும் சிதைவு எழுத்தோரங்களில்தான் முதலில் தெரியும். ஐபோன் ஹெய்க் வடிவில் சேமிக்கும், அமைப்பை முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

முதலில் கோப்பின் ஷா-256 மதிப்பு. இது ஒரு ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்; உள்ளே சிறிது மாறினாலும் இது முற்றிலும் மாறிவிடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை. மேக்கில் ஷாசம் என்று மட்டும் கொடுத்தால் ஷா-1 கணக்கிட்டு 40 எழுத்து காட்டும். ‘-a 256’ சேர்த்தால்தான் ஷா-256-இன் 64 எழுத்து வரும்.

இனி நகலெடுத்துப் பெயரை மாற்றுங்கள். மதிப்பு அசையாது. எல்லாப் பண்பும் ஒத்திருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றே என்ற தத்துவவாதி லைப்னிட்ஸின் கொள்கைக்கு இதுதான் இடம். ‘இருக்கும் இடம் வேறாச்சே’ என்று ஒருவர் மடக்குவார். 1952-இல் தத்துவவாதி மாக்ஸ் பிளாக் அந்தக் கொள்கைக்கு எதிராகச் சொன்ன, எல்லாப் பண்பும் ஒத்தும் இரண்டாகவே இருக்கும் கோளங்களைக் காட்டிவிட்டு 10 நிமிடத்தில் நகர்ந்துவிடுங்கள். இல்லையேல் மணி அடித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மதிப்பு மாறும், ஆவணமாக அனுப்பினால் மாறாது.

வகுப்பின் உயிர் அடுத்த படி. படக் கோப்பில் பதிந்த தேதி முதலிய குறிப்புகளைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற நிரலில், எடுத்த தேதியை மட்டும் திருத்துங்கள். கிம்ப் என்ற படத்திருத்த நிரலில் திறந்து சேமிக்காதீர்கள். அது படத்தையே மறுபடி சுருக்கிவிடும், சோதனை கெடும். இப்போது ஒரு பிக்சல்கூட மாறவில்லை, ஹேஷ் மட்டும் முற்றிலும் வேறு. எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் அதே படைப்புதான் என்று 1968-இல் தத்துவவாதி நெல்சன் குட்மேன் இலக்கியத்துக்குச் சொன்னார். புகைப்படத்துக்கு ‘எழுத்து’ எது, கோப்பின் பைட்டா, படத்தின் பிக்சலா? இங்கே அவசரப்படாதீர்கள், 30 நிமிடம் கொடுங்கள்.

நேரம் மிஞ்சினால் கிம்பில் தரம் 60-இல் இருபது முறை மறுசேமிப்பு. மூடித் திறக்காமல் ஏற்றுமதி செய்தால் சிதைவு சேராது. திறந்தாலும், ஜேபெக் 8×8 கட்டங்களாகச் சுருக்குவதால், அதே தரத்தில் சில சுற்றில் நின்றுவிடும். கட்டங்கள் நகர்ந்து சிதைவு தொடர, ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் 3 பிக்சல் வெட்டுங்கள். எந்தச் சுற்றில் அது ‘வேறு படம்’ ஆனது என்று கேளுங்கள்.

கடைசியில் 300 சொல் கட்டுரை. முதல் வாக்கியத்திலேயே தன் அளவுகோலைச் சொல்ல வேண்டும். ‘பார்ப்பவரைப் பொறுத்தது’ என்று நழுவுபவரிடம் இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவைக் கொடுங்கள்: மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பு கேட்கிறார்கள். தேதி திருத்திய கோப்பை நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதட்டும்.