பச்சை விளக்கை நம்பாதீர்கள்: சுவிட்சில் யுடிஎல்டி (ஒருவழியாகிப்போன லிங்கைக் கண்டுபிடிக்கும் வசதி) அமைப்பது எப்படி?

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு மில். ஆபீஸில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து கேட் ஓரத்து எடைமேடை அறையின் சுவிட்சுக்கு ஃபைபர் கேபிள் போகிறது. அனுப்ப ஓர் இழை, வாங்க ஓர் இழை. எலி கடித்து அதில் ஒன்று மட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து போவது போகும், அங்கிருந்து வருவது வராது.

போர்ட்டில் ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் தாமே பேசி இணைப்பை முடிவுசெய்வது) இருந்தால், கிகாபிட் ஃபைபரில் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்து லிங்கை இறக்கிவிடும். அதை யாராவது அணைத்து வைத்திருந்தாலோ, நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) இருந்தாலோதான் தலைவலி. எடைமேடையில் இருக்கும் சேட்டனுக்குப் போன் போட்டால், "லைட்டொக்கெ கத்துந்நுண்டு" (லைட்டெல்லாம் எரிகிறது) என்பார். அவர் சொல்வது சரிதான்; அது கன்வெர்ட்டர் வரை போகும் செம்புக் கேபிளுக்கான விளக்கு.

மாற்று வழிக்கு இரண்டாவது கேபிளும் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லூப் வராமலிருக்க ஸ்பானிங் ட்ரீ அடைத்து வைத்த போர்ட்டுக்கு பிபிடியு (ஸ்பானிங் ட்ரீக்காகச் சுவிட்சுகள் அனுப்பிக்கொள்ளும் செய்தி) வருவது நின்றால், எதிரே யாரும் இல்லை என்று நினைத்து அந்தப் போர்ட்டைத் திறந்துவிடும். லூப் சுற்றி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

இதைப் பிடிக்கத்தான் சிஸ்கோ சுவிட்சுகளில் யுடிஎல்டி இருக்கிறது. வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை சுவிட்ச் தன் அடையாளத்தையும் போர்ட் எண்ணையும் அனுப்பும். எதிர் சுவிட்ச் யாரிடமிருந்தெல்லாம் கேட்டதோ அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்பும். அதில் தன் பெயர் இல்லை என்றால் லிங்க் ஒருவழி, போர்ட் அடைபடும்.

சரி, அமைப்போம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள். இரண்டு முனையிலும் செய்ய வேண்டும்.

1. கான்ஃபிகர் டெர்மினல்
2. இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/24 (உங்கள் போர்ட்டின் எண்ணைப் போடுங்கள்)
3. யுடிஎல்டி போர்ட் அக்ரெசிவ்
4. எண்ட்

சுவிட்ச் முழுமைக்கும் சேர்த்து 'யுடிஎல்டி எனேபிள்' என்று போட்டால் ஃபைபர் போர்ட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். கன்வெர்ட்டருக்குப் போவது செம்புப் போர்ட் என்பதால்தான் போர்ட்டுக்குள் நுழைந்து போடச் சொல்கிறேன். 'அக்ரெசிவ்' எதற்கு? சாதாரண முறையில் எதிர்முனையின் சத்தமே நின்றுவிட்டால் நிலை தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு போர்ட்டை விட்டுவைக்கும். அக்ரெசிவ் முறை விநாடிக்கு ஒன்றாக 8 முறை கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் அடைத்துவிடும்.

அப்புறம் 'ஷோ யுடிஎல்டி கிகாபிட்ஈதர்நெட் 0/24' போட்டுப் பாருங்கள். 'பைடைரக்ஷனல்' என்று வந்தால் நல்லது. 'அன்நோன்' என்றால் அநேகமாக எதிர்முனையில் இன்னும் போடவில்லை.

அடைபட்ட போர்ட்டை, கேபிளைச் சரிசெய்த பிறகு, 'யுடிஎல்டி ரீசெட்' திறக்கும். 'எர்டிசேபிள் ரெக்கவரி காஸ் யுடிஎல்டி' போட்டால் 300 விநாடி கழித்துத் தானே திறக்கும். எனக்கு இதில் விருப்பம் இல்லை. பழுது அப்படியே இருக்க, போர்ட் திறந்து திறந்து மூடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ராத்திரி போய்ப் பார்க்க ஆளில்லாத இடம் என்றால் மட்டும் போடலாம்.

எல்லாம் ஒத்து வந்ததும் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்'. இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் அத்தனையும் போய்விடும்.