தொலைக்காட்சி நிபுணரின் கணிப்பை நம்பிப் பந்தயம் கட்டுவோர் செய்யும் தவறுகள்

கால்பந்து ஆட்டத்துக்கு முன்பு தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்து கணிப்புச் சொல்லும் முன்னாள் வீரர், எந்த அணி வெல்லும் என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறார். பந்தயம் கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வியோ வேறு: அந்த வெற்றிக்குப் பந்தய நிறுவனம் தரும் விகிதம், அது நடப்பதற்கான உண்மையான வாய்ப்புக்கு ஈடாக இருக்கிறதா? முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதுதான் தலையாய தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணியின் வெற்றிக்கு 1.80, சமனுக்கு 3.60, எதிரணியின் வெற்றிக்கு 4.50 என்று விகிதங்கள் தரப்படுவதாகக் கொள்வோம்; 1.80 என்றால், 1 கட்டியவருக்குக் கணிப்புப் பலித்ததும் போட்டதையும் சேர்த்து 1.80 திரும்பக் கிடைக்கும். ஒன்றை ஒவ்வொரு விகிதத்தாலும் வகுத்தால் முறையே 55.6, 27.8, 22.2 சதவீதம் கிடைக்கும், கூட்டினால் 105.6 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 5.6தான் நிறுவனம் தனக்கென வைத்துக்கொள்ளும் பங்கு. எனவே 1.80 விகிதத்தில் முதலைக் காப்பாற்றவே நூற்றுக்கு ஏறத்தாழ 56 முறை கணிப்புப் பலித்தாக வேண்டும். நிபுணர் 52 முறை சரியாகச் சொன்னால் கேட்பவருக்கு அது பாராட்டத்தக்க திறமையாகத் தோன்றும். ஆனால் ஆட்டத்துக்கு 10 வீதம் 100 ஆட்டங்களில் கட்டியவர், 1,000 போட்டு 936 மட்டுமே திரும்பப் பெறுவார்.

"அவர் பெரும்பாலும் சரியாகத்தானே சொல்கிறார்" என்பது அடுத்து வரும் மயக்கம். வலுவான அணியையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தால் யாருடைய கணிப்பும் பல முறை பலிக்கும். அந்த அணியின் வலு விகிதத்தில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருப்பதால் அதைக் கொண்டு லாபம் பார்க்க முடியாது. இதற்கு நேர்மாறானது சமன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டம் சமனில் முடிகிறது. ஆயினும் அரங்கில் அமர்ந்தவருக்குச் சமன் என்று சொல்வது நழுவலாகத் தெரியும் என்ற தயக்கம் உண்டு. அவரது சரியான ஸ்கோர் கணிப்பைப் பின்பற்றுவது இன்னும் மோசம். அதிக வாய்ப்புள்ள ஸ்கோர்கூட நூற்றில் பதினைந்து முறைக்கு மேல் வருவது அரிது.

புகழையும் விளையாட்டு அனுபவத்தையும் கணிப்புத் திறனாக எண்ணுவதும் பிழையே. லிவர்பூல் அணிக்காக எட்டு லீக் பட்டங்கள் வென்ற ஆலன் ஹான்சன், 1995 ஆகஸ்டில் இளம் வீரர்கள் பலரோடு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 எனத் தோற்றதும், சிறுவர்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்ற பொருள்படத் தொலைக்காட்சியில் சொன்னார். அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. தற்காப்பு எங்கே சிதறியது என்பதை விளக்குவதில் அவருக்கு நிகரானவர் குறைவு என்பதே என் எண்ணம், ஆனால் நடந்ததை விளக்குவதும் நடக்கப்போவதன் வாய்ப்பை அளப்பதும் வெவ்வேறு வேலைகள். தொலைக்காட்சி நிபுணர் தவறாகச் சொன்னாலும் அவரது பணத்துக்குச் சேதமில்லை. தயங்காமல், சுவையாகப் பேசுவதற்கே அவருக்குச் சம்பளம்.

வார நடுவே பதிவான கணிப்பை வார இறுதியில் பயன்படுத்துவோரும் உண்டு. விளையாடும் பதினொருவர் யார் என்பது ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் தெரியவரும். முக்கிய வீரர் விலகிய செய்தி விகிதத்தை மாற்றியிருக்கும், பழைய கணிப்பை மாற்றியிருக்காது.

நிபுணர் வரிசையாகச் சொல்லும் ஐந்து முடிவுகளையும், எல்லாம் பலித்தால் மட்டுமே பணம் தரும் ஒரே கூட்டுப் பந்தயமாகக் கட்டுவது, பெரிய தொகையைக் காட்டி ஈர்ப்பதால், மிகுந்த சேதம் தரும் பழக்கம். மேற்சொன்ன நிறுவனப் பங்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் பெருகிக்கொண்டே போகும்: தனிப் பந்தயத்தில் 100க்குச் சராசரியாக 5 இழப்பு என்றால், அதே போன்ற ஐந்தைக் கோத்ததும் அது 23 அளவுக்கு ஏறிவிடுகிறது. ஐந்தில் நான்கு பலித்தது என்ற ஆறுதலுக்கு ஒரு காசும் கிடைக்காது.

ஒரு நிபுணரை எடைபோட விரும்புபவர், பலித்தவற்றை மட்டும் நினைவில் வைக்காமல், ஒவ்வொரு கணிப்பையும் ஆட்டத்துக்கு முன்பே அன்றைய விகிதத்தோடு குறித்துவைக்க வேண்டும். அப்படிக் குறித்தாலும் சில வாரக் கணக்கு போதாது. நூறு ஆட்டங்களில்கூட ஐந்தாறு வெற்றிகள் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நேரக்கூடியவை.