அகச்சிவப்பு நிறமாலையில் பட்டை சிதையாமல் இரைச்சலைக் குறைக்க

பைத்தானில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் எடுப்பது சைபை நூலகத்தில் உள்ள சாவிட்ஸ்கி–கோலே வடிகட்டி. பெர்கின்-எல்மர் நிறுவனத்தில் இருந்த இருவர் 1964-இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சாளரம் வைத்து, அதில் அடங்கும் புள்ளிகளுக்கு ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி, நடுப்புள்ளிக்கு அந்த வளைவின் மதிப்பைக் கொடுக்கிறது. வெறும் சராசரியைவிடப் பட்டையின் (நிறமாலையில் எழும் மேட்டின்) உச்சியை நன்றாகக் காக்கும். ஆனால் முழுதாகக் காக்காது.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: பல்லுறுப்புக்கோவையின் படி, சாளர நீளம். படி 2 போதும். 3 வைத்தாலும் ஓரங்களைத் தவிர விடை மாறாது. சாளரம்தான் யோசித்து வைக்க வேண்டியது. அது ஒற்றைப்படை எண்ணாக இருக்கட்டும்.

முதலில் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளியைப் பாருங்கள். 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் பல கருவிகள் சுமார் 1.93 செ.மீ⁻¹ இடைவெளியில் எழுதும். பிறகு, உங்களுக்குத் தேவையான பட்டைகளிலேயே மிகக் குறுகியதன் அரையுயர அகலத்தை, அதாவது உயரத்தின் பாதியில் அதன் முழு அகலத்தை, அளந்துகொள்ளுங்கள். சாளரம் அந்த அகலத்துக்குச் சமமானால் காஸியன் (மணி வடிவப்) பட்டையின் உயரம் சுமார் 2 சதவீதம் குறையும். அதன் பாதியென்றால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. இரட்டித்தால் பட்டை அமுங்கிப் பரந்துவிடும். அகலம் 16 செ.மீ⁻¹ என்றால் 9 புள்ளிகள் சரியாக அமையும்.

9 புள்ளிச் சாளரம், படி 2 என்றால், புள்ளிக்குப் புள்ளி தொடர்பில்லாத இரைச்சல் பாதியாகும். கருவி எடுத்துச் சராசரியாக்கும் ஸ்கேன்களை 16-இலிருந்து 64 ஆக்கினாலும் இதே பலன்தான், அதுவும் பட்டை துளியும் சிதையாமல். மாதிரி இன்னும் கையில் இருந்தால் ஸ்கேனைக் கூட்டுவதே மேல். கருவி பூஜ்யங்களைச் சேர்த்துப் புள்ளிகளைப் பெருக்கியிருந்தால், அடுத்தடுத்த புள்ளிகள் தொடர்புள்ளவை. அங்கே 9 புள்ளிகள் அவ்வளவு வேலை செய்யாது.

காற்றிலுள்ள நீராவி தரும் கோடுகளை இரைச்சலென்று எண்ணிவிடாதீர்கள். 1400–1900, 3500–3900 செ.மீ⁻¹ பகுதிகளில் வரும் இந்தக் கூர்மையான கோடுகள் மென்மையாக்கினால் மறையாது. சிறு மேடுகளாக உருண்டு, புரதத்தின் 1650 செ.மீ⁻¹ பட்டையருகே பொய்த் தோள்களாக நிற்கும். முதலில் நீராவியைக் கழியுங்கள், அல்லது கருவிக்குள் உலர் காற்றை ஓடவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

பல மாதிரிகளை ஓர் அணியில் வைத்திருந்தால் அச்சைக் கவனியுங்கள். சைபையின் இந்த வடிகட்டிச் சார்பு இயல்பாகக் கடைசி அச்சில் ஓடும். மாதிரிகள் நெடுவரிசையில் இருந்தால் அலையெண்ணோடு ஓடாமல் ஒரு மாதிரியை அடுத்ததோடு கலந்துவிடும். மாதிரிகளின் எண்ணிக்கை சாளரத்தைவிடக் குறைவென்றால் பிழைச்செய்தி வரும், தப்பித்தீர்கள். அதிகமென்றால் சத்தமே இல்லாமல் தவறான விடை வரும். மாதிரிகள் நெடுவரிசையில் இருந்தால் அச்சு 0 என்று கொடுங்கள். எண்ணில்லாத வெற்று மதிப்பு ஒன்று இருந்தாலும் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் கெடும். இடைவெளி சீராக இல்லாவிட்டாலும் முறை பொருந்தாது. அலைநீளத்துக்கு மாற்றுவதற்கு முன்பே, அலையெண்ணில் மென்மையாக்குங்கள்.

முடித்ததும் மூலத்திலிருந்து மென்மையான வளைவைக் கழித்து, எச்சத்தை வரைந்து பாருங்கள். சீரற்ற நடுக்கம் மட்டும் தெரிந்தால் சரி. பட்டைகள் இருக்கும் இடத்தில் மேடும் பள்ளமுமாக உருவம் தெரிந்தால் சாளரம் பெரிது. இரண்டு புள்ளிகள் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். உயரத்தை வைத்துச் செறிவு கணக்கிடுவதானால், அளவுத்திட்ட மாதிரிகளுக்கும் அதே சாளரம், அதே படி.