ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடிக்கும் வண்டிகள்

வழக்கில் பிடித்த வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்தால் நஷ்டம் உரிமையாளருக்கு மட்டுமல்ல. பேட்டரி ஆசிடும் இன்ஜின் ஆயிலும் மண்ணில் இறங்கும்; கழன்ற டயரிலும் உடைந்த ஹெட்லைட்டிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு கொசு முட்டையிடும். முதலில் கடி வாங்குவது அங்கேயே வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள்தான், பாவம்.

வண்டி உங்களுடையதா? வழக்கு முடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்புக்கு, அதாவது வழக்கு முடியும்வரை வண்டியை உங்களிடம் கொடுத்து வைக்கச் சொல்லி, மனு போடுங்கள். இத்தகைய வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் வைத்திருப்பதில் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. மது, கஞ்சா வழக்கென்றால் நடைமுறை வேறு, வக்கீலைக் கேளுங்கள்.

ஸ்டேஷனில் இருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி, அதைப் பதிவேட்டில் குறித்து, கூரைக்கடியில் வையுங்கள். தார்ப்பாய் போட்டால் தண்ணீர் தேங்காதபடி சரிவாகக் கட்டுங்கள்.