மூன்று பேர் பேண்டில் ஓட்டை விழும் இடம்

நையாண்டி மேளமோ கல்யாண மண்டபத்து ஆர்கெஸ்ட்ராவோ, மேடையில் ஏழெட்டுப் பேராவது நிற்பதைப் பார்த்துப் பழகிய ஊர் மதுரை. கிட்டார், பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்), டிரம்ஸ் என்று மூன்றே பேர் ஏறினால் 'மத்தவங்க எங்கப்பா?' என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே புதிதாக ராக் பேண்ட் தொடங்கும் பசங்க முதல் தவறைச் செய்கிறார்கள்: ஆளுக்கு இரண்டு ஆள் வாசிப்பை வாசித்து இடத்தை அடைக்கப் பார்ப்பது.

பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பாட்டு நன்றாகப் போகும். கிட்டார்காரன் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்குத் தாவுவான். அதுவரை அவன் அடித்த கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) நின்றதும் பாட்டு பாதியாகச் சுருங்கிவிடும். டிரம்மர் பதறி ரோல் மேல் ரோல் போடுவான். பேஸில் நான் விரலுக்கு வந்ததையெல்லாம் வாசிப்பேன். கேட்டால் சந்தைக்கடைதான்.

நாயனத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நாயனம் எங்கே பறந்தாலும் ஒத்து அசையாது. சோலோ நேரத்தில் பேஸ்தான் ஒத்து. ரூட் நோட்டை, அதாவது கார்டின் அடிப்படைச் சுரத்தை, விடாமல் பிடியுங்கள். அது போதவில்லையா, 12ஆம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டை) பக்கம் ஏறி ரூட்டையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அடியுங்கள். கிட்டத்தட்ட கார்டு அடிக்கும் ரிதம் கிட்டார் மாதிரியே கேட்கும். மோட்டர்ஹெட் பேண்டின் லெம்மி பேஸிலேயே கார்டு அடித்தவர். டிரம்மர் அந்த நேரம் மூடிய ஹை-ஹேட்டை (ஜோடி சிம்பல்) விட்டு, ஒலி நீளும் ரைடு சிம்பலுக்கு வந்தால் போதும், மேல்பக்கம் தானாக நிரம்பும்.

'1966இல் தொடங்கிய க்ரீம் பேண்டில் மூன்று பேருமே ஒரே நேரத்தில் பாய்ந்து வாசித்தார்களே?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வாசித்தார்கள். அதில் பேஸ் வாசித்த ஜாக் புரூஸ் செல்லோ படித்தவர், டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் ஜாஸில் ஊறியவர். நாம் முதலில் நாலு பாட்டைத் தாளம் தப்பாமல் முடிப்போம்.

அடுத்தது, ஆள் குறைவு என்று கிட்டாரில் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) முழுக்கத் திருகுவது. சத்தம் பெரிதாகாது, கொழகொழவென்று ஆகும். அடிக்கும் அடியே தெரியாது. மிட்ஸை (நடு அலைவரிசைகளை) குறைத்து வைத்த டோன் வீட்டில் தனியாகக் கேட்க அருமையாக இருக்கும், சிம்பல் அடித்ததும் காணாமல் போகும். மூன்று பேர் பேண்டான 'தி போலீஸ்' பாட்டுகளில் கிட்டார்காரர் ஆண்டி சம்மர்ஸ் எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

கிட்டார் சரியாக வராதவன் கையில் பேஸைக் கொடுப்பதும் வழக்கம். மூன்று பேரில் ஒருவன் தடுமாறினால் ஒளிய இடமில்லை. அவனையே பாடவும் சொன்னால், பாடும் வரிகளில் பேஸை எளிமையாக்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக மைக் செட். பேஸின் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். பிள்ளையார் பாட்டு போடும் குழாய் ஸ்பீக்கரில் அது வரவே வராது. 'அண்ணே, சப் இருக்கா?' (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வாசியுங்கள். நாங்கள் கேட்காமல் ஏறிய ஒரு மேடையில், இறங்கி வந்ததும் நண்பன் கேட்டான்: 'ஏன்டா, நீ சும்மா விரலை ஆட்டிக்கிட்டு நின்னியா?'